ஆகவே

என்னிடம் வரும் எந்தப் புத்தகமும்
முகம் காட்டுவதில்லை.
கண்ணாடிமேல் குப்புறப் படுக்கும்,
முதுகு நெறிபட மூடியை அமுக்குவேன்,
ஒரு வெளிச்சக் கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும்.
அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

கடலூர், தேவனாம்பட்டினம் போகிற சாலையில்
ஆறடிக்கு எட்டடிக் கடை.
பக்கம் ஒரு ரூபாய்,
முன்னும் பின்னும் ஒன்றரை,
சுருள்கம்பி பைண்டிங் முப்பது.

பதினேழு வருடமாய்
கைக்கு எடை தெரியும்.
உயிர்வேதியியல் ஈரச் செங்கல்.
சோழர் வரலாறு கனமில்லை, ஆனால் தையல் விட்டிருக்கும்.
புள்ளியியலின் கடைசி அட்டவணையை
யாராவது ஏற்கெனவே கிழித்திருப்பார்கள்.
அடிக்குறிப்பு வெட்டுப்படக் கூடாது என்று
சண்டைக்கு வருவது
மொழியியல் படிக்கிறவர்கள் மட்டும்.
இயற்பியல்காரர்கள் சில்லறை தரமாட்டார்கள்.

கடல்காற்று காகிதத்துக்கு ஆகாது.
ஐப்பசி பிறந்தால் கட்டுக் கட்டாய் வியர்க்கும்,
இரண்டு தாள் கட்டிக்கொண்டு உள்ளே போய்
உருளையில் சிக்கி
கோணலாய், கறுப்பாய், பாதியாய் வரும்.
எறிய மனசு வராது.
பின்பக்கம் வெள்ளைதானே?
கடன் எழுத அதுதான் என் நோட்டு.

நேற்று சாயங்காலம் ஷம்ஷாத் வந்தாள்,
எம்.எஸ்ஸி. கணிதம், தமிழ் வழி.
கையில் நூலகப் புத்தகம்,
அச்சு தீர்ந்து அவள் வயசுக்கு மேல் ஆகிறது.
வெள்ளம் வந்த வருடம் நனைந்து
இருநூற்றுப் பதினாலும் பதினைந்தும்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.
யாரோ பிரித்ததில்
எழுத்து இரண்டு பக்கமும் உரிந்துவிட்டது.

"பதிமூணு 'ஆகவே'ன்னு முடியுது, அக்கா.
பதினாறு 'என நிறுவப்பட்டது'ன்னு தொடங்குது.
நடுவுல என்ன நடந்துச்சுன்னே தெரியல.
நெட்ல இருக்கறதும் இதே புத்தகம்தான்,
இதே முத்திரை, இதே உரிசல்.
திங்கக்கிழமை பரீட்சை."

அட்டையைப் பார்த்தேன்.
இடது மூலையில் டீ கிளாஸ் வட்டம்.
இது நனையாத காலத்தில் இங்கே படுத்திருக்கிறது.

கரண்ட் போனது.
அவள் போன் வெளிச்சத்தைப் பிடிக்க
பழைய கடன்களைப் புரட்டினேன்.
வராத காசு எவ்வளவு என்று
அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.
மூன்றாவது கட்டு, அடியிலிருந்து கொஞ்சம் மேலே:
ஆரோக்கியதாஸ், பி.எட்.,
நாற்பத்திரண்டு ரூபாய்,
செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்றார்.
திருப்பினேன்.

சரிந்துபோய், தலை சாய்ந்து,
பதினாலும் பதினைந்தும்.

ஷம்ஷாத் அலறவில்லை. கையை வாயில் வைத்துக்கொண்டாள்.
பிறகு, "இது என்ன?" என்றாள்.
கடைசிக்கு முந்தைய வரிமேல்
கறுப்பாய் ஒரு முட்டை,
உள்ளே ரேகை கூடத் தெரிகிறது.
என் கட்டைவிரல்.
ஓரம் பிடித்தபோது நழுவி உள்ளே போயிருக்கிறது,
எந்த அவசரத்திலோ.

மன்னிப்பு கேட்கலாமா என்று யோசிப்பதற்குள்
அவள் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து
மேல்வரியைப் படித்தாள், கீழ்வரியைப் படித்தாள்,
என் விரலுக்குக் கீழே என்ன இருந்தாக வேண்டும் என்று
தன் உள்ளங்கையில் எழுதிப் பார்த்தாள்.
ஒரு தடவை அழித்தாள், எச்சில் தொட்டு.
மறுபடி எழுதினாள்.
சாலையில் மீன் வண்டி ஒன்று போனது.
"வேற எதுவும் இருக்க முடியாது, அக்கா"
என்று நிமிர்ந்தபோது
முகம் முழுக்க வியர்வை.

கரண்ட் வந்தது. பிரதி எடுத்தேன்.
ஒரு ரூபாய் வைத்தாள், வாங்கிக்கொண்டேன்.
ஆரோக்கியதாஸ் கணக்கை அடித்தேன்.

அடுத்து நின்றவன் விலங்கியல், மண்புழு அத்தியாயம்.
குப்புறப் போடுவதற்கு முன்
ஒரு நிமிஷம் பார்த்தேன்.
படம் நன்றாகத்தான் இருந்தது.